முந்நூற்றுப் பன்னிரண்டு இடது துண்டுகள்

“எல்லாம் இடது பக்கமாவே சாயுது” என்றாள் சுகிர்தம், சுருட்டிக் கொண்டுவந்த துணியை மேசைமேல் விரித்தபடி.

ஏழு வரிசைகள். ஒவ்வொன்றும் தனக்கு மேலிருந்ததைவிட இரண்டு விரல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஏழாவது வரிசைக்கு வரும்போது அரை முழம். போர்வை போல இல்லை. மழையில் ஊறிய மதில் போல இருந்தது.

ரஹமத் இரும்பு அச்சு ஒன்றை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

பிறகு வந்து பார்த்தாள். தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

“இப்படிப் பாத்தா நேராத்தான் இருக்கு டீச்சர்.”

தையல் மிஷின்களில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சுகிர்தம் சிரிக்கவில்லை.

ரஹமத்துக்கு வயது முப்பத்திரண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருடம் துணி வெட்டும் பிரஸ்ஸில் நின்றவள். இப்போது சொந்தமாக ஒரு பழைய பிரஸ் வைத்திருக்கிறாள். கம்பெனிகள் கழிக்கும் துண்டுத் துணிகளை வாங்கி, ஒரே அச்சில் வெட்டி, சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குகிறாள்.

சுகிர்தத்துக்கு ஐம்பத்து நான்கு. பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். கணவர் இறந்து ஆறு வருடம். ஒரு மாதத்துக்கு முன் வந்து, ஒரு போர்வை மட்டும் தைக்கக் கற்றுக்கொடு என்று கேட்டிருந்தாள். மகளுக்கு.

மகள் எங்கே இருக்கிறாள் என்று ரஹமத் கேட்டபோது, கோயம்புத்தூரில் டிரெயினிங் என்றாள்.

பிரிசில்லா கோயம்புத்தூரில் இல்லை. வேலூர்ப் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் ஒன்பது வாரமாக இருந்தாள். இங்கே தரும் போர்வையில் கனமே இல்லை, மேலே கனமாக ஏதாவது கிடந்தால் தூக்கம் வரும் போலிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அம்மாவிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.



வெட்டியது இப்படித்தான்.

சுகிர்தம் மகளின் பழைய உடைகளை இரண்டு சூட்கேஸ்களில் கொண்டுவந்திருந்தாள். மூன்று வயதுக் கவுன் முதல் கல்லூரிச் சுடிதார் வரை. ரஹமத் சுவரிலிருந்து ஒரு அச்சை எடுத்தாள். கூர்மையான இரும்புப் பட்டையை வளைத்துச் செய்தது. டை என்பார்கள். ஷூவின் உள்துணி வெட்டுவதற்கானது. மாங்காய் உருவம், கழுத்து மட்டும் இடப்பக்கம் வளைந்திருக்கும். ஒரு துண்டின் புடைத்த முதுகு அடுத்த துண்டின் குழிந்த வயிற்றில் போய் உட்காரும்.

துணியை நல்ல பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைக்கவேண்டும் என்று ரஹமத் சொன்னாள். கம்பெனியில் அப்படித்தான். ஒவ்வொரு அழுத்துக்கும் இடதும் வலதுமாக ஜோடி விழும்.

சுகிர்தம் மடிக்கவில்லை. மடிந்திருந்ததையும் பிரித்தாள். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் மேலே பார்க்க அடுக்கினாள். பூப்போட்ட துணியைக் குப்புறப் போடுவதாவது. நல்ல பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கறையும் கிழிசலும் வராமல் பார்த்து வெட்டலாம் என்று காரணம் சொன்னாள். வகுப்பில் சொல்வது போல இரண்டு தடவை சொன்னாள்.

ரஹமத் அவளை ஒரு கணம் பார்த்தாள். அவள் அடுக்கியபடியே வைத்துப் பிரஸ்ஸை இறக்கினாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். முந்நூற்றுப் பன்னிரண்டும் இடது.



“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றாள் சுகிர்தம்.

“சொன்னேன்.”

“அழுத்திச் சொல்லியிருக்கலாம்.”

“நான் ஒன்பதாவது பெயில் டீச்சர். அதுவும் கணக்குல.”

வேறு துணி இல்லை. கடையில் வாங்கலாம். ஆனால் அது பிரிசில்லா உடுத்திய துணி ஆகாது. ஏதாவது வழி இருக்கிறதா என்று சுகிர்தம் கேட்டாள். கேட்ட தோரணையில் டீச்சர் இல்லை.

ரஹமத் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மஞ்சள் கவுனின் துண்டு. அதைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்தாள்.

இப்போது அது வலது.

ஆனால் மஞ்சள் வெளுத்துப்போயிருந்தது. பூக்கள் பால் கலந்தது போல மங்கியிருந்தன. நடுவில் பழைய ஒட்டு ஒன்றின் நூல்முடிச்சு நீட்டிக்கொண்டிருந்தது.

சுகிர்தம் கை நீட்டி அதைத் திருப்பி வைத்தாள்.

ரஹமத் மறுபடி குப்புறப் போட்டாள்.

“அது உள்பக்கம்” என்றாள் சுகிர்தம்.

“ஆமா.”

“வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல படாதா.”

ரஹமத் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டாள்.



வீட்டுக்கு வருகிறவர் என்றால் எதிர்வீட்டுக் கோமளவல்லிதான். நல்ல பெண்மணி. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பாமல் இருக்கமாட்டாள். கிண்ணத்தோடு கோயம்புத்தூரைப் பற்றி ஒரு கேள்வியும் வரும். அங்கே சிறுவாணித் தண்ணீராமே, முடி கொட்டுவது நின்றதா. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா.

எல்லாவற்றுக்கும் சுகிர்தத்திடம் பதில் இருந்தது. இந்த ஒன்பது வாரத்தில் அந்த ஹாஸ்டலுக்கு மூன்று மாடி எழுப்பியிருந்தாள். வார்டனுக்குப் பெயர் வைத்து, அவருக்கு முழங்கால் வலியும் கொடுத்திருந்தாள். போன வாரம் கோமளவல்லி வார்டனுக்காக ஒரு பாட்டில் தைலம் கொண்டுவந்து தந்தாள். அது சுகிர்தத்தின் அலமாரியில் இருந்தது.



ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சுகிர்தத்தைத் தனியே அழைத்துப் பேசினார். சனிக்கிழமை கூட்டிப்போகலாம் என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்னொன்று, வர விருப்பமா என்று பிரிசில்லாவையே கேளுங்கள், அவள் சரி என்று சொன்னால்தான் என்றார்.

பிரிசில்லா கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. ஹாஸ்டல் எப்படி இருக்கிறது என்று ஒரு தோழி போனில் கேட்டிருந்ததைச் சொன்னாள். என்ன ஹாஸ்டல் என்று முதலில் தனக்குப் புரியவில்லை என்றாள்.

சுகிர்தம் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்கு வந்தா, கோயம்புத்தூர்ல இருந்தேன்னு சொல்லணுமாம்மா?”

“கொஞ்ச நாளைக்கு.”

“அப்ப கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வர நேரமாகும் என்றால் உட்கார்ந்திருக்கிறேன் என்பது போலச் சொன்னாள். ஆரஞ்சில் பாதியை அம்மாவின் கையில் வைத்தாள்.



திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சுகிர்தம் நேரே ரஹமத்தின் தையல் கூடத்துக்கு வந்தாள். சனிக்கிழமைக்குள் போர்வை முடியவேண்டும் என்றாள். போர்வையைக் கையில் கொண்டுபோனால் பிரிசில்லா வந்துவிடுவாள் என்று பட்டது. அதைச் சொல்லவில்லை. சாய்ந்ததைச் சாய்ந்தபடியே தைத்து, ஓரங்களை வெட்டி நேராக்கிவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

ரஹமத் சாக்பீஸும் அடிக்கோலும் எடுத்துக் கொடுத்தாள்.

சுகிர்தம் கோடு போட்டாள். மேலிருந்து கீழே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கோட்டுக்கு வெளியே போனவற்றைப் பார்த்தாள். மஞ்சள் கவுன் முழுவதும் வெளியே இருந்தது. கல்லூரிக்கு முதல்நாள் உடுத்திய பச்சைச் சுடிதாரில் பாதி.

ரஹமத் உள்ளே எஞ்சியதைச் சாணால் அளந்தாள்.

“அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தாராளமாப் போதும்.”

சுகிர்தம் உள்ளங்கையால் கோட்டை அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை வேறொரு யோசனையுடன் வந்தாள். இரண்டு துண்டுகளை உள்பக்கத்தோடு உள்பக்கம் சேர்த்துத் தைத்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல பக்கம்தான். போர்வை சிறிதாகும், ஆகட்டும். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றின் உள்பக்கத்தில் மற்றதன் உள்பக்கத்தை வைத்தாள். கழுத்துகள் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டன. ஓரம் எங்கேயும் ஒட்டவில்லை.



“கண்ணாடிப் பிம்பம். போன மாசம்தான் நடத்தினேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“பசங்களுக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்டாள் ரஹமத்.

புதன்கிழமை அவள் விரல்களில் சாயம் இருந்தது. துணியில் வரையும் வர்ணங்கள் வாங்கி, உள்பக்கங்களில் மங்கிய பூக்களின்மேல் பூ வரைந்திருந்தாள். முந்தின நாள் இரவெல்லாம் உட்கார்ந்து பதினொரு பூக்கள். அழகாகவே இருந்தன. கை வைத்தால் அப்பளம் போல விறைத்திருந்தன.

ரஹமத் ஒரு துண்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். தன் முக்காட்டின் வெள்ளை ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து, அந்தப் பூவின்மேல் ஒரு தடவை அழுத்தினாள். முக்காட்டில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதைக் காட்டினாள். திட்டவில்லை. புது முக்காடு.

மிஷின்கள் நின்றிருந்தன. கரண்ட் போயிருந்தது. பெண்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள்.

சுகிர்தம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களின் கணக்கைத் திருத்துகிறவள் தான் என்றாள். ஊரில் பாதிப் பேர் தன்னிடம் படித்தவர்கள். தெருவில் போனால் டீச்சர் வணக்கம் என்கிறார்கள். அவர்கள் ஒருநாளும் தன் வீட்டுத் துணியின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. உள்பக்கம் தெரியாமல் இதைத் தைக்க வழியே கிடையாதா, கிடையாது என்றால் கிடையாது என்று சொல்லிவிடு, நான் கடையில் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு போகிறேன் என்றாள்.

சாயம் படிந்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ரஹமத் மஞ்சள் துண்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“இந்தக் கவுனைப் போட்டிருந்தப்ப, பிள்ளை மேல பட்டது எந்தப் பக்கம் டீச்சர்?”

கரண்ட் வந்தது. ரஹமத் எழுந்து பிரஸ்ஸுக்குப் போனாள்.



வியாழக்கிழமை சுகிர்தம் பள்ளிக்கு லீவு சொன்னாள்.

தைத்திருந்த வரிசைகளையும் பிரித்து, முந்நூற்றுப் பன்னிரண்டையும் வீட்டுத் தரையில் கொட்டினாள். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

பூ வரைந்த பதினொன்றைத் தவிர எல்லா உள்பக்கங்களும் வெளுத்திருந்தன. ஏன் என்று யோசித்தபோது அவளுக்கே தெரிந்தது. பூ மங்காமல் இருக்கவேண்டும் என்று எந்த உடையையும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் கொடியில் போடுவாள். இருபது வருட வெயிலை இந்தப் பக்கம்தான் வாங்கியிருக்கிறது.

ஒரு துண்டில் நெகிழ்த்தித் தைத்த இடுப்பின் ஊசித்துளைகள், வரிசையாக. பிரிசில்லா அந்த வருடம் சட்டென்று வளர்ந்தாள். இன்னொன்றில் பழுப்பாக ஒரு திட்டு. எதன் கறை என்று நினைவுக்கு வரவில்லை. மென்மையாக இருந்தது அந்தப் பக்கம். நல்ல பக்கத்தைவிட மென்மையாக.

சீருடைப் பாவாடையின் துண்டுகள் நாற்பது இருந்தன. நீலக் கட்டம். நெய்த கட்டம் என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை அவள் திருப்பிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

ஒன்றில் பேனா எழுத்து. எறும்பு அளவு. எத்தனை சலவைக்கும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே கொண்டுபோனாள்.

ஒரு சூத்திரம். பரீட்சைக்காகப் பாவாடைக்குள் எழுதிக்கொண்டுபோன சூத்திரம். கணக்கு டீச்சர் வீட்டில்.

அதுவும் தப்பாக எழுதியிருந்தது.

சுகிர்தம் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடவில்லை.

அன்று மாலைக்குள் பாதித் துண்டுகள் குப்புற இருந்தன. ஒரு வரிசை இடது, அடுத்த வரிசை வலது. ஒன்றின் சாய்வை மற்றது தடுத்து நிறுத்தியது. மூன்றாவது வரிசையில் நேராக வருவது கண்ணால் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் அடிக்கோல் வைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமையும் லீவு. ரஹமத்தின் மிஷினில், கனத்த அடித்துணியின்மேல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஜிக்ஜாக் தையல். கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து ஆளுக்கு நான்கு வரிசை தைத்துக் கொடுத்தார்கள். சாய்ந்த மதில் நேராகிவிட்டதே என்று அவர்களில் ஒருத்தி கேலி செய்தாள்.

முடிந்ததும் ரஹமத் ஒரு நூலை எடுத்தாள். போர்வையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்துக் கிள்ளினாள். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் வைத்தாள். நூல் சரியாக இருந்தது.

சுகிர்தம் அதை வகுப்பில் வேறு மாதிரி நிரூபிப்பாள்.

ரஹமத் போர்வையை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கவில்லை. பை கனமாக இருக்கிறது, கைப்பிடியை இரட்டையாகப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.



சனிக்கிழமை காலை பதினொரு மணி.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து சொன்னாள். பிரிசில்லாவின் பை கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடந்தது.

அவள் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எடையைப் பார்ப்பவள் போல இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் கவுனைக் கண்டுபிடித்தாள். பச்சைச் சுடிதாரை. விரல் ஒரு வெளுத்த வரிசையில் நின்றது.

“இது உள்பக்கம் இல்லையா?”

“ஆமா” என்றாள் சுகிர்தம்.

பிரிசில்லா அதன்மேல் கையை ஓட்டினாள். நீலக் கட்டத்துக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். காதுவரை சிவந்தாள்.

“தெரியுமா உனக்கு?”

“வியாழக்கிழமைதான் தெரியும். நடுவுல ஒண்ணை விட்டுட்ட.”

“அந்தக் கேள்வி வரவே இல்லம்மா.”

இருவரும் சிரித்தார்கள். பிரிசில்லா போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பையை எடுக்கவில்லை. போன ஞாயிறு கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. நர்ஸ் மூன்றாம் தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சுகிர்தத்தின் போன் அடித்தது. கோமளவல்லி.

இந்த அறையில் இருக்கும்போது போன் வந்தால் வராந்தாவின் கடைசிக்குப் போய்த்தான் பேசுவாள். எழுந்தாள். கதவுவரை போனாள். அங்கேயே நின்று போனைக் காதில் வைத்தாள்.

வீடு பூட்டியிருக்கிறதே என்று கோமளவல்லி கேட்டாள். திடீரென்று கோயம்புத்தூர் கிளம்பிவிட்டீர்களா, டிவியில் அங்கே மழை என்கிறார்களே, குடை எடுத்துப் போனீர்களா.

சுகிர்தம் திரும்பி வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“மழை தெரியாதுக்கா. நான் கோயம்புத்தூர்ல இல்ல.”

அப்போ எங்கே என்று கோமளவல்லி கேட்டாள்.

“வேலூர்ல ஆஸ்பத்திரில இருக்கேன். பிரிசிக்கு மனசு சரியில்லாம இருந்துது. பத்து வாரமா இங்கதான் இருக்கா. கோயம்புத்தூருக்கு அவ போகவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

தெருவில் யாரோ ஸ்கூட்டர் கிளப்பும் சத்தம் மட்டும் போனில் வந்தது.

பிறகு கோமளவல்லி, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல” என்றாள் சுகிர்தம்.

பிரிசில்லா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து ஜன்னலருகே போனாள். டம்ளரில் நின்றிருந்த பல் பிரஷை எடுத்து, ஈரத்தை இரண்டு தடவை உதறினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, அதை உள்ளே போட்டாள்.